கட்டில் விரிப்பில் ஒரு கூடு

கமலாம்பிகைக்கு வாய் கிடையாது, கைதான் உண்டு என்று பினாங்கு டிரான்ஸ்பர் ரோட்டுப் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். பொய்யில்லை. கோபம் வந்தாலும் தைப்பாள், சந்தோஷம் வந்தாலும் தைப்பாள். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மாக்களிடம் பழகிய பூவேலை அது. கலியாணமாகிக் கப்பலேறி பினாங்குக்கு வந்தபோது அவள் பெட்டியில் சேலையைவிட வண்ண நூல்தான் அதிகம் இருந்தது. புருஷன் ஐயாத்துரைக்குத் துறைமுக ஆபீசில் கிராணி வேலை, பேரேடு எழுதுவது. சாதுவான மனுஷன். பிள்ளை இல்லை. பிள்ளையில்லாத வீட்டைப் பற்றிச் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கும் கூட்டமாயிற்றே! அந்தப் பேச்சு எதற்கும் கமலாம்பிகை ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. ஆனால் அந்த வருஷங்களில் அவள் வீட்டில் பூவேலை ஏறாத தலையணை உறை ஒன்றுகூட மிச்சமில்லை.

அவர்கள் வீட்டின் சமையல்கட்டுக் கதவைத் திறந்தால் பின்சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு சமையல்கட்டுக் கதவு. அது அப்துல் ரஹீம் வீடு. முன்தெருவில் சின்னதாக ஒரு சோற்றுக்கடை வைத்திருந்தார். அவர் மனைவி சித்தி ஹாஜரா, கடையநல்லூர் நெசவுக்காரர் வீட்டுப் பெண். ஹாஜரா முன்வாசல் பக்கம் அதிகம் வரமாட்டாள். அவள் உலகமெல்லாம் இந்தப் பின்சந்துதான். அந்த வீட்டில் ஆட்டிறைச்சி கொதிக்கும், இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம். அதனால் சாப்பாட்டுக் கொடுக்கல் வாங்கல் இல்லை. பார்த்தால் ஒரு சிரிப்பு, மழை வந்தால் கொடியில் காய்கிற துணியை எடுக்கச் சொல்லி ஒரு குரல், அவ்வளவுதான் முதலில்.

அப்படி ஒரு மழையில்தான் எல்லாம் தொடங்கியது. கமலாம்பிகையின் கட்டில் விரிப்பு கொடியில் கிடந்தது. நல்ல கெட்டி வெள்ளைத் துணி, சீதனத்தோடு வந்தது. அதன் நடுவில் ஒரே ஒரு பச்சைக் கிளி தைத்திருந்தாள். கமலாம்பிகை கோயிலுக்குப் போயிருந்த நேரம் மழை பிடித்துக்கொள்ள, ஹாஜரா ஓடிவந்து விரிப்பை எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டதற்கு ஈரம் காயட்டும் என்றாள். சில நாள் கழித்து மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கொடுத்தாள். கமலாம்பிகை விரித்துப் பார்த்தால், கிளியின் காலடியில் ஒரு கிளை! இலையும் தளிருமாக ஓடுகிறது. பார்த்தவுடனே கமலாம்பிகைக்கு முகம் சுருங்கிப்போனது. அடுத்தவள் தையலில் கைவைப்பது என்ன பழக்கம்? ஹாஜரா வாசலில் நின்றபடி, கிளி பாவம், அந்தரத்தில் எத்தனை நாள்தான் நிற்கும், உட்கார ஓர் இடம் வேண்டாமா என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கமலாம்பிகை அன்று முழுக்கக் கோபமாகத்தான் இருந்தாள். சாயங்காலம் ஊசியை எடுத்தாள். அந்தக் கிளையின் நுனியில் ஒரு அணிலைத் தைத்துச் சந்தைத் தாண்டிக் கொடுத்தனுப்பினாள்.

பிறகு நின்றதா? இல்லையே! ஹாஜரா அணிலுக்கு எதிரே ஒரு சிவந்த ஜம்புப் பழம் தைத்தாள். கமலாம்பிகை பழத்தைத் தேடி வரும் எறும்பு வரிசையைத் தைத்தாள். ஹாஜரா என்ன செய்தாள் தெரியுமா? சாப்பாடு வைக்கும் மீசேஃப் அலமாரியின் காலுக்குக் கீழே எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, அந்த மாதிரி எறும்புகளைச் சுற்றி நீல நூலில் ஒரு தண்ணீர் வட்டம் போட்டுவிட்டாள். கமலாம்பிகை அதைப் பார்த்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தாளாம். ஐயாத்துரை எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி, அந்தத் தண்ணீருக்குள் ஒரு மீனை விட்டாள்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். ஹாஜரா எந்த உயிரையும் தைக்கமாட்டாள். ஈ, எறும்புகூட அவள் ஊசியில் வராது. உருவம் செய்வது அவர்கள் வீட்டில் ஆகாது. இலை, கொடி, பழம், தண்ணீர், வேலி, இவைதான் அவள் கைவேலை. ஆக, உயிரெல்லாம் கமலாம்பிகை பாடு, உயிர்கள் குடியிருக்கும் இடமெல்லாம் ஹாஜரா பாடு. யாரும் பேசி முடிவு செய்ததில்லை. அது தானாக அப்படி விழுந்தது. ஐயாத்துரைக்குத்தான் கட்டிலில் விரிக்க விரிப்பு இல்லாமல் போனது. அவரும் பாவம், பாய்மேல் படுத்துக்கொண்டார்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். பட்டணத்தில் குண்டு விழுந்தது, வெள்ளைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினான், அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணியும் நூலும் கடையிலிருந்து மாயமாய் மறைந்தன. அன்னாசி நாரில் சட்டைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்ட காலம். வண்ண நூலுக்கு எங்கே போவது? அப்போதுதான் இரண்டு பெண்களும் புது வழி கண்டார்கள். பதில் தைக்க வேண்டுமா, விரிப்பிலிருக்கும் பழைய தையலைப் பிரித்து அந்த நூலில் தை. ஆனால் அவரவர் தைத்ததைத்தான் அவரவர் பிரிக்கலாம். அடுத்தவள் தையலில் கைவைக்கக் கூடாது. கமலாம்பிகை தன் அணிலைப் பிரித்து, குண்டுக்குப் பயந்து பறக்கும் காக்கைகள் தைத்தாள். ஜப்பான்காரன் ஆட்சியில் காக்கைகூடப் பழுப்புநிறம்தான், என்ன செய்வது! ஹாஜரா ஓரத்துக் கொடியைப் பிரித்து, கிளிக்கு மேலே குடை மாதிரி பெரிய பெரிய இலைகளைத் தைத்து மூடினாள். ஊசித்துளைகள் வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. ஹாஜராதான் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீரைத் தெளித்து நகத்தால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தால் இழை நெருங்கித் துளை மூடிக்கொள்ளும். நெசவுக்காரர் வீட்டு வித்தை.

ஒருநாள் ஐயாத்துரையைச் சயாமுக்கு அனுப்பினார்கள். ரயில்பாதை போடும் இடத்தில் கூலிகளுக்குப் பேர் பதிய எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். கிராணி வேலைதானே, சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லிக் கைப்பையோடு போனார். அவர் வரவேயில்லை. அந்த மண்ணிலேயே போய்விட்டார். அது அப்போது யாருக்குத் தெரியும்? போன முதல் மாதம் கமலாம்பிகை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பார்க்கவில்லை. அழவும் இல்லை. சுமங்கலியா, இல்லையா என்று அவளுக்கே தெரியாமல் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள். கிழங்கை உரித்தாள், அவித்தாள், தின்றாள், சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். பக்கத்தில் யாராவது பேசினால் ஓம், ஓம் என்று தலையாட்டினாள். சேலைகளை ஒவ்வொன்றாகத் துணி வியாபாரி சீனி முகம்மதுவிடம் கொடுத்து அரிசி நொய் வாங்கினாள். அந்த வெள்ளை விரிப்பையும் அவர் கேட்டார். கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள், அவளுக்குப் பசியே மரத்துப்போயிருந்தது.

ஐயாத்துரை போன சமயம் விரிப்பு ஹாஜரா கையில் இருந்தது. ஹாஜரா பதில் தைத்துக் கொண்டுவந்தாள். கமலாம்பிகை கதவருகிலேயே விரித்துப் பார்த்தாள். ஹாஜரா தன் நீலத் தண்ணீர் வட்டத்தை முழுக்கப் பிரித்துவிட்டு, அந்த நூலில் கிளையின் கவட்டையில் ஒரு கூடு தைத்திருந்தாள். வெறும் கூடு. உள்ளே ஒன்றுமில்லை. தண்ணீர் போய்விட்டதால் அந்த மீன் வெள்ளைத் துணியில் தரைமேல் கிடப்பதுபோல் கிடந்தது.

கமலாம்பிகை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளையில்லாத வீடு, புருஷன் போன வீடு. இவளுமா சொல்கிறாள்? கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதுகூட வரவில்லை. நல்லாயிருக்கு என்றாள். விரிப்பை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அதோடு பதில் தைப்பது நின்றுபோனது. ஹாஜரா சில தடவை சந்தில் நின்று விரிப்பு எங்கே என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். நூல் இல்லை என்றாள் கமலாம்பிகை. கேட்டுக் கேட்டு ஹாஜராவும் ஓய்ந்துபோனாள்.

ஜப்பான்காரன் இருந்த கடைசி வருஷத்தில் ஹாஜராவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. அப்போது ஊரில் பாதிப் பேருக்கு அந்த வீக்கம்தான். அரிசி இல்லாத உடம்பு தண்ணீராய் ஊதிப்போகும். ரஹீமின் கடை மூடி வெகுகாலமாகியிருந்தது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உடுத்தி அடக்க என்று ஹாஜரா ஒரு வெள்ளைக் கஃபன் துணியைப் பெட்டியடியில் வைத்திருந்தாள். முஸ்லிம் வீடுகளில் பலரும் அப்படி வைத்திருப்பார்கள். பக்கத்துச் சந்தில் ஒரு பிள்ளை செத்து, சுற்றத் துணியில்லாமல் தாய்க்காரி தலையில் அடித்துக்கொண்டபோது ஹாஜரா அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் மௌத்தானவர்களைக் கோணிப்பையில் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஹாஜரா எழுந்து நடமாட முடியாமல் போனபிறகு கமலாம்பிகை ஒரு பகலில் சந்தைத் தாண்டிப் போனாள். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவித்த கிழங்கு கொஞ்சம் கொண்டுபோனாள். ஹாஜரா தின்னவில்லை. கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எனக்கு மௌத்தைப் பத்திப் பயமில்லக்கா. கோணியைத்தான் நெனைக்கேன். நெசவுக்காரன் மக நான். கோணியில சுத்தின கோலத்தோட எங்க வாப்பா முகத்துல எப்படிப் போய் முழிப்பேன்?"

கமலாம்பிகை கொண்டுபோன கிழங்கை மூடி வைத்தாள். பேச்சை மாற்றத்தான் என்று நினைக்கிறேன், ஹாஜராவே விரிப்பைப் பற்றி எடுத்தாள். கூடு பிடிக்கவில்லையா என்று கேட்டாள். கமலாம்பிகை தயங்கித் தயங்கி, வெறும் கூடுதானே அது என்றாள்.

"வேற எப்படிக்கா தைப்பேன்? பறவை என் கையில வராதுல்ல, அது ஒங்க பாடு. அந்த மீனைப் பிரிச்சிட்டுப் பறவையாக்குவீங்கன்னுதான் தண்ணியை எடுத்தேன். ஒங்க வீட்டு அண்ணன் திரும்பி வந்து உக்காரக் கூடு கட்டிட்டு எம்புட்டு நாளா பாத்துட்டிருக்கேன்."

கமலாம்பிகைக்குக் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பெட்டிக்குள் பூட்டிவைத்த பதில் அது. குத்தலென்று அவள் நினைத்தது, ஒருத்தி இன்னொருத்திக்குப் பிடித்துவைத்த இடம். நாளைக்கே தைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னாள். ஹாஜரா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து விரிப்பை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள் கமலாம்பிகை. ஊசி துருப்பிடித்திருந்தது. அதைத் தேய்த்து வழவழப்பாக்குவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. விளக்குக்கு எண்ணெய் ஏது? நாளைக்குத்தானே என்று விட்டாள்.

விடிந்து கதவைத் திறந்தபோது பின்சந்துக் கொடியில் இரண்டு கோணிப்பைகளைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். யாரும் அவளுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரஹீம் விடிகாலை சுபுஹிலிருந்து துணிக்கு அலைந்திருக்கிறார். பள்ளிவாசலில் கையிருப்பு தீர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. சீனி முகம்மதுவிடமும் வெள்ளைத் துணி இல்லை. ரஹீமிடம் இருந்த ஒரே வெள்ளைக் கைலி நூல் நூலாய்ப் போயிருந்தது. கமலாம்பிகை கட்டில்மேல் கிடந்த விரிப்பைப் பார்த்தாள். எடுத்தாள். பூவேலை வெளியே தெரியும்படி, கிளி மேலே வரும்படி பார்த்துப் பார்த்து மடித்தாள். அவள் ஆட்கள் செத்தவருக்கு இருப்பதிலேயே நல்ல பட்டைப் போர்த்தித்தான் அனுப்புவார்கள். சின்ன வயதிலிருந்து அவள் பார்த்தது அதுதான். இதைவிட நல்லது அவளிடம் வேறில்லை. கொண்டுபோய் ரஹீம் கையில் கொடுத்தாள்.

ரஹீம் வாங்கிக்கொண்டார். விரிப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மையத்தைக் குளிப்பாட்ட வந்திருந்த நூர்ஜான் என்ற அம்மாள்தான் பக்கத்தில் வந்து, மெதுவாக, யார் மனமும் நோகாமல் சொன்னாள். இப்படிப் போர்த்தக் கூடாது. கிளி, காக்கை, மீனெல்லாம் இருக்கிறது. நிறமும் இருக்கிறது. வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும். மற்றபடி இந்த அளவு போதும், இருக்கிறதை வைத்துச் சுற்றிக்கொள்ளலாம்.

"எப்ப எடுக்கிறியள்?" என்று கேட்டாள் கமலாம்பிகை.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு என்றார்கள்.

"பொறுங்கோ. நான் தாறன்."

சந்தைத் தாண்டி வந்து சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தாள். வெயில் நன்றாக விழுந்தது. முதலில் தன் தையலைப் பிரித்தாள். கிளியின் வாலில் ஆரம்பித்து மூக்கு வரைக்கும். காக்கைகள். எறும்புகள். மீன். இந்த மீனைத்தான் இன்றைக்குப் பறவையாக்குவதாகச் சொல்லியிருந்தாள். அதுவும் பிரிந்தது. அவள் கை பழகிய வேலை, சீக்கிரம் ஆயிற்று. மனசில் ஒன்றும் இல்லை. கிழங்கு உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே போனாள். பிரித்த நூலை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்புறம் விரிப்பில் மிச்சமிருந்தது ஹாஜராவின் தையல் மட்டும். கிளை, இலைகள், ஜம்புப் பழம், கூடு. அடுத்தவள் தையலில் கைவைக்கக் கூடாது. சோறில்லாத காலத்திலும் இரண்டு பேரும் மீறாத ஒரே ஒழுங்கு அது. கமலாம்பிகை ஊசியைத் துணிக்கு மேலே பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. குளிப்பாட்டத் தொடங்கிவிட்டார்கள். கொடியில் கோணி இரண்டும் காய்ந்து விறைத்துக்கொண்டிருந்தன. விரிப்பைக் குப்புறத் திருப்பினாள். ஹாஜரா வேலையின் பின்பக்கத்தில் ஒரு முடிச்சுகூட இல்லை. நெசவுக்காரர் வீட்டுப் பெண் முடிச்சுப் போடமாட்டாள், நுனியை இழைக்குள் செருகிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். ஒரு நுனியை ஊசியால் நிமிண்டி இழுத்தாள் கமலாம்பிகை. இழுக்க இழுக்க வந்தது. ஓர் இலை முழுக்க, அடுத்த இலை, அதற்கடுத்தது. எங்கேயாவது சிக்கினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. சிக்கவில்லை. கடைசியாகக் கூடு. அதையும் இழுத்தாள்.

தண்ணீரைத் தெளித்து நகத்தால் தேய்த்தாள், குறுக்கும் நெடுக்கும், ஹாஜரா சொல்லிக்கொடுத்த மாதிரியே. துளைகள் மூடிக்கொண்டு வந்தன. நகம் கிழிந்து ரத்தம் கசிந்தபோது, துணியில் படாமல் விரலைச் சேலையில் சுற்றிக்கொண்டு மிச்சத்தைத் தேய்த்தாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது நூர்ஜான் விரித்துப் பார்த்தாள். வெள்ளை. வெறும் வெள்ளை. கமலாம்பிகையின் கையை ஒருதரம் பிடித்துவிட்டு விட்டாள்.

இன்னொன்று குறைந்தது. கஃபனைத் தலைமாட்டிலும் இடுப்பிலும் கால்மாட்டிலும் கட்டத் துணி நாடா வேண்டும். விரிப்பில் கிழித்தால் நீளம் பற்றாது. கமலாம்பிகை திரும்பி வந்து, வாசலில் கிடந்த நூலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தொடையில் வைத்து முறுக்கினாள். பச்சை, சிவப்பு, பழுப்பு, நீலம், எல்லாம் சேர்ந்து கயிறாயிற்று. இது ஆகுமா என்று கேட்டாள். கட்டுத்தானே, கபுருக்குழிக்குள் வைத்ததும் அவிழ்த்துவிடுவோம், நிறம் பார்க்க வேண்டாம் என்றாள் நூர்ஜான்.

அஸருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கமலாம்பிகை தன் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாஜரா வெள்ளையில்தான் போனாள். நெசவுக்காரன் மகள் போகவேண்டிய மாதிரியே போனாள். போனபிறகு சந்தில் யாரும் இல்லை. கோணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். அடுப்பில் கிழங்கைப் போட்டாள். அழுகை வரவில்லை. இனி வராது என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

மையவாடியிலிருந்து திரும்பிய ரஹீம், தன் வீட்டுக்குள் போகாமல் நேரே அவள் கதவுக்கு வந்தார். நல்லபடி முடிந்தது என்றார். எல்லாரும் துணியைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள் என்றார். பிறகு நூலைப் பற்றிச் சொன்னார்.

"கட்டெல்லாம் அவுத்து உள்ளேயே விட்டுட்டோம்க்கா. அவ பக்கத்துலயே கெடக்கு. ஒங்க நூலை மட்டும் எடுத்துட்டு வரலாமான்னு பாத்தேன். எது ஒங்களது, எது அவளுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் தம்பி," என்றாள் கமலாம்பிகை. "நீலம் அவவின்ர. கூடு கட்டின நூல். நான்தான் அதில ஒரு பறவையை வைக்காமல் விட்டுட்டன்."

சொல்லி முடித்தவள் சமையல்கட்டு வாசலிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஹாஜராவுக்காக அழுதாள். ஐயாத்துரை கைப்பையோடு போன நாளிலிருந்து அழாததெல்லாம் அதோடு சேர்ந்து வந்தது. உள்ளே அடுப்பில் கிழங்கு தீய்ந்தது. ரஹீம் போகாமல் சந்திலேயே நின்றுகொண்டிருந்தார்.